எண்ணக்கூடாத ஆடுகள்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். மழை; விடாமல் பெய்ததில் அது நான்காவது நாள். காற்று துளிகூட இல்லை. ஜொகூர் மாநிலத்தில், லாபிசுக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய எங்கள் இரண்டு ஏக்கர் நிலத்தில், இடுப்பளவு நீரில், ஆட்டுக்கொட்டகையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். நேரம் பார்க்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

கொட்டகை தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில், கால் நட்டுக் கட்டியது. பலகை இடுக்குகளின் வழியே தண்ணீர் மேலே வரத் தொடங்கியிருந்தது. ஆடுகள் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கதவு திறந்ததும் ஒன்று முகத்தை நீட்டி நீரை மோந்து பார்த்தது, பிறகு ஏதோ வழக்கமாகச் செய்வதைப்போல இறங்கியது. தலை மட்டும் மேலே தெரிய, ரயில் மேட்டை நோக்கி நீந்தியது. அடுத்தது. அடுத்தது. என் உதடு தானாக அசைந்தது.

வீட்டு வாசற்படியில் நின்ற என் மனைவி அங்கிருந்தே கத்தினாள்.

"எண்ணாதீங்க! அந்தப் பக்கம் திரும்புங்க!"

திரும்பிக்கொண்டேன். கதவைப் பிடித்தபடி, கித்தா என்னும் ரப்பர் மரங்களுக்கு மேலே இருந்த வெள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈர ரோமம் ஒவ்வொன்றாக என் விலாவை உரசிக்கொண்டு போனது. கை வைத்துக்கூட எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை.

இதைப் புரியவைக்க வேண்டும். நான் முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். விடியலில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிற்கவைத்துத் தலை எண்ணி, மாலையில் பால் எடை எண்ணி, மாதக் கடைசியில் சம்பளம் எண்ணிப் பிழைத்தவன். இன்றும் மாடிப்படி ஏறினால் எண்ணுவேன். மாத்திரையை விழுங்கிவிட்டு மிச்சத்தை எண்ணுவேன். என் மனைவியோ பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக தோட்ட லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஆடு வளர்த்தார்கள். உயிருள்ளதை எண்ணக்கூடாது, எண்ணினால் கண் பட்டுக் குறைந்துவிடும் என்பது அவர்கள் வழக்கம். பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் எண்ணிச் சொன்னதில்லை. யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால், "சாமி குடுத்தது இருக்கு" என்பாள். ஆடுகள் அவளுடையவை. அவள் சேர்த்துவைத்த காசில் வாங்கிய ஒரு சோடியிலிருந்து பெருகியவை. ஆகவே என் வீட்டில் நான் எண்ணாமல் விட்ட பொருள் அது ஒன்றுதான்.

மீட்புப் படகு வருவதற்குள் மழை சற்று மெலிந்தது. படியில் உட்கார்ந்து பார்த்தோம். புதிய இரட்டைத் தண்டவாளத்துக்காக உயர்த்திய மண்மேடு நீருக்கு நடுவில் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், அதன்மேல் பனிப்புகை. மேட்டின்மேல் ஆடுகள் வரிசையாக நின்றன. கால்கள் புகையில் மறைந்து, உடல்கள் மட்டும் மிதந்தன. ரயில் எதுவும் வரவில்லை. ஆடுகள்தான் ஒரு ரயிலைப்போல, போகாமல் வராமல், நின்றுகொண்டிருந்தன. அவள் என் கண்ணை உள்ளங்கையால் மூடினாள்.

"பாத்தது போதும். ஒங்க கண்ணு சும்மா இருக்காது."

நிவாரண முகாமாக்கிய பள்ளிக்கூட மண்டபத்தில் பதினொரு நாள் தங்கினோம். மெத்தை மெல்லியது. அங்கே பகலில் எப்போது கண்ணயர்ந்தாலும் அந்தக் கதவு திறக்கும். ஈர ரோமம் விலாவில் உரசும். கனவிலாவது எண்ணிவிடலாம் என்று தொடங்குவேன். ஏழு, எட்டு வரும்போது முதலில் போன ஆடே மறுபடியும் வரிசையில் வரும். சில சமயம் ஆடுகளுக்கு நடுவே பெரட்டில் நின்ற பழைய ஆட்கள் வருவார்கள். தலையில் விளக்கு கட்டியபடி நீரில் இறங்கிப் போவார்கள். அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று குழம்பியே விழித்துக்கொள்வேன்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது எங்கும் ஒரே சேற்று நிறம். சுவரில் மார்பு உயரத்துக்குக் கோடு. ஆடுகள் மேட்டிலிருந்து தாமாகவே இறங்கி வந்து, கொட்டகையடியில் சேற்றில் நின்றன. வராதவற்றில் சில வாய்க்காலில் கிடந்தன, சில பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், மட்டைகளுக்கு அடியில். அவற்றைப் புதைத்தோம். வராமலும் கிடைக்காமலும் போனது ஒன்றுதான், நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த சினையாடு. இரண்டு மாதச் சினை. என் மனைவி அதைச் சுட்டி என்றே கூப்பிடுவாள். அதற்கு முதல் மூன்று ஈற்றிலும் இவள்தான் கை கொடுத்தவள்.

மறு வாரம் கால்நடை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ரப்பர் பூட்ஸ், கழுத்தில் சிறிய சிலுவை. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப்பெண். வெள்ளத்தில் கால்நடை இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது, செத்தது எத்தனை என்று சொன்னால் தலைக்கு இவ்வளவு என்று வங்கியில் போட்டுவிடுவார்கள் என்றாள். கையிலிருந்த தட்டைக் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், ரெக்கார்டுல உங்களுக்கு ரெண்டு ஆடுதான் காட்டுது."

"அது ஒன்பது வருசத்துக்கு முந்தி பதிஞ்சது."

"அப்புறம் அப்டேட் பண்ணலையா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் செம்பனையைப் பார்த்தாள்.

அந்தப் பெண் கொட்டகைக்குப் போய் விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். என் மனைவி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

"பதினாலு நிக்குது. ரெண்டு போட்டா வெள்ளத்துல பதினாலு வந்திருக்கா? எனக்கும் அந்த மாதிரி வெள்ளம் வந்தா நல்லாருக்கும் லா." சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி அங்கிள், முன்னாடி எத்தனை இருந்துச்சு? சும்மா சொல்லுங்க, நான் போட்டுக்கிறேன்."

"தெரியாது."

"தெரியாதா? நீங்க கிராணின்னு ஆண்ட்டி வாசல்ல சொன்னாங்களே!"

விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. தன் பாட்டியும் அரிசியை அளக்கும்போது முதல் படிக்கு எண் சொல்ல மாட்டார் என்றாள். ஊர்த் தலைவர், அதாவது கம்பத்துத் தலைவர் கையெழுத்தோடு மாதக் கடைசிக்குள் எண்ணைக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் எங்களிடம்தான் கிடா வாங்குவார். அவர் கடையிலும் தண்ணீர் ஏறி, பரோட்டாக் கல் தெருவுக்கு மிதந்து வந்ததாகப் பெருமையாகச் சொல்வார். கல் எப்படி மிதக்கும் என்று நான் கேட்டதில்லை. அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"முப்பதுன்னு போடுங்க கிராணியாரே. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா?"

"எண்ணாத நம்பர நான் எழுதுனது இல்ல பாய்."

"அப்ப சும்மா இருங்க. ஒங்க ஆடு, ஒங்க கவர்மெண்டு. நடுவுல நான் எதுக்கு? தண்ணி குடிங்க."

கொட்டகைப் பலகை பாதி உளுத்துப் போயிருந்தது. தீவனம் ஊறிக் கெட்டுவிட்டது. அந்தப் பணம் வராவிட்டால் மிஞ்சிய பதினாலையும் பாயிடமே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிற்பகலில், பலா மரத்திலிருந்து ஒரு கொத்து இலை ஒடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஆடுகளுக்குப் பலாயிலை என்றால் உயிர்.

"செத்ததுக்குக் கண்ணு படாது," என்றாள். "செத்தத எண்ணலாம்."

ஒரு இலையை எடுத்துத் தரையில் வைத்தாள். அது கொம்பு முறிந்த கிடாய் என்றாள். இன்னொன்று வைத்தாள். அது குளிக்கவிட்டால் இருமுமே அந்த வெள்ளை. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அதைப் பற்றி ஏதாவது சொன்னாள், எனக்குச் சொல்வதுபோல் இல்லை. வெளியே ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு இலைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்பதாவது கையிலேயே இருந்தது. அவள் அதை வைக்கவில்லை. முந்தானை நுனியில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள்.

"அவ செத்தத யாரும் பாக்கல."

மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. தினமும் காலையில் அவள் ரயில் மேட்டின் மீது நடந்துபோய், கூப்பிட்டுவிட்டு வருவாள். நான் வாசலில் நின்று அந்தக் குரலைக் கேட்பேன். குரல் போய், செம்பனைக் காட்டில் நுழைந்து, எங்கோ உட்கார்ந்துகொள்ளும். திரும்பி வராது. கடைசி நாள் அவள் முடிச்சை அவிழ்த்து, சுருங்கிப் பழுப்பாகிப்போன இலையை எட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"போட்டுக்குங்க," என்றாள். அன்று இருவரும் மதியச் சோறு சாப்பிடவில்லை.

ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். ஜூலையில் பணம் வந்தது, தலைக்கு இருநூறு ரிங்கிட். கொட்டகைக்குப் புதுப் பலகை போட்டோம். சாய்ந்த காலை நிமிர்த்தினோம். ஆடுகள் புதுப் பலகையை இரண்டு நாள் நம்பவில்லை, ஓரத்திலேயே நின்றன.

ஆகஸ்டில் ஒரு காலை. பனி கலையவில்லை. தேநீர் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ரயில் மேட்டின் மீது ஏதோ வந்தது. கால் தெரியவில்லை, உடல் மட்டும் மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. நான் மறுபடியும் பள்ளிக்கூட மண்டபத்தில் தூங்குகிறேன் என்றே நினைத்தேன். தேநீர் தொடையில் கொட்டிச் சுட்டபிறகுதான் எழுந்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கழுத்தில் நீல நைலான் கயிறு, அறுந்த நுனி தரையில் இழுபட்டது. யாரோ வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள், உடம்பு தேறியிருந்தது. பின்னால் ஒரு பெண்குட்டி.

என் மனைவி ஓடினாள். அவள் முட்டிவலிக்காரி, அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருடம். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிட்டாள்.

"கொட்டாய்க்குள்ள விடாதீங்க."

"ஏன்?"

"இவ செத்ததுன்னு காசு வாங்கிட்டோம். அந்தக் காசு நம்ம வீட்டுல இருக்கு. செத்த கணக்குல இருக்கிறவ உயிரோட இருக்கிறதுக கூட நின்னா, எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"காசு பலகையா மாறிப் போச்சுடி."

"திருப்பிக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் உள்ள விடலாம்."

சுட்டியையும் குட்டியையும் வெளியே ரம்புத்தான் மரத்தடியில் கட்டினோம். வெள்ளத்துக்குப் பிறகு வாய்க்கால் ஓரத்தில் மலைப்பாம்பு நடமாட்டம் அதிகம். பக்கத்துக் கம்பத்தில் இரண்டு குட்டி போயிருந்தது. குட்டி கத்தும்போதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, மடியில் கம்பை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மழை வந்தால் குடை. சமையல் நான். அவள் ஆட்டைத் தொடவே இல்லை. ஆடு அவள் புடவையை மென்றுகொண்டே இருந்தது. அதையும் அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

செகாமட் கால்நடை அலுவலகத்துக்குப் போனேன். சிலுவை போட்ட அதே பெண் இருந்தாள்.

"திருப்பிக் குடுக்கணுமா? அங்கிள், குடுக்கிறதுக்கு ஃபாரம் இருக்கு. வாங்கிக்கிறதுக்கு ஃபாரமே இல்லையே!"

"ஏதாவது எழுதி வாங்கிக்கம்மா."

"எல்லாரும் பத்தலன்னு வந்து சண்டை போடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் லா இப்படி. வச்சுக்குங்க அங்கிள், ஆண்ட்டிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்க."

"சேலைய ஆடு தின்னுடுச்சு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு யோசித்து, ஆட்டின் படத்தோடு மறுபடியும் வரச் சொன்னாள். இரண்டாம் முறை போனபோது ஒரு கடிதம் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாரு போனால் வரவுப் பிரிவில் வாங்கிக்கொள்வார்கள், தொலைபேசியில் பேசிவிட்டேன் என்றாள்.

ரயிலில் போனேன். சன்னலோர இடம். வெள்ளம் வடிந்து ஐந்து மாதமாகியும், வழிநெடுகச் செம்பனை மரங்களின் இடுப்பில் சேற்றுக்கோடு இருந்தது, யாரோ ஒரே மட்டத்தில் சுண்ணாம்புக்கயிறு பிடித்து இழுத்ததுபோல். மரங்களை எண்ணத் தொடங்கி, நூற்றுக்கு மேல் போனதும் அவை தாமாகவே என்னை எண்ணுவதுபோல் தோன்றியது. செடெனாக்கைத் தாண்டும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். வண்டியின் ஆட்டத்தில் தூங்கிப்போனேன். கதவு திறந்தது, ரோமம் உரசியது. இந்த முறை ஆடுகள் நீரிலிருந்து ஏறி உள்ளே வந்துகொண்டிருந்தன. எண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நகரம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அலுவலகத்தில் என் வயதை எட்டப்போகிற ஒரு மலாய்க்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்பிங் ஹிடுப் பாலேக்?" ஆடு உயிரோடு திரும்பிவிட்டதா என்று கேட்டார்.

ஆமாம், குட்டியோடு என்றேன். "அலமாக்," என்று வியந்து பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டார். அவள் இன்னொருத்தரைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் கைப்பேசியில் இருந்த ஆட்டின் படத்தைப் பார்த்தார்கள். குட்டியின் காது அழகு என்று ஒருத்தி சொன்னாள். பணத்தை வாங்கப் பல்வகை வரவு என்ற தலைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எந்தக் காரணத்துக்காக என்று கணினி கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆடு வீடு திரும்பியது" என்று மலாயில் நிதானமாகத் தட்டி, ரசீதை எடுத்து, சூடு ஆறாமல் என் கையில் கொடுத்தார்.

வீடு சேர்ந்தபோது மாலை ஆறே கால். சாய்வெயில். அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரசீதை நீட்டினேன். அவளுக்கு மலாய் படிக்க வராது. ஆனால் நெடுநேரம் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"ஆடு வீட்டுக்கு வந்திடுச்சுன்னு போட்டிருக்கு."

"கவர்மெண்டே எழுதியிருக்கா?"

"முத்திரை இருக்கு பாரு."

அப்போதுதான் எழுந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீலக் கயிற்றை அவிழ்த்து மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வைத்துச் சோறு போட்டவர் யாரோ, ஒருநாள் தேடி வந்தால் கொடுக்க வேண்டும் என்றாள். இதுவரை யாரும் வரவில்லை. சூடம் ஏற்றித் தேங்காயைச் சுற்றி உடைத்தாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். சுட்டி சாய்வுப் பலகையில் ஏறினாள், குட்டி பின்னால் தடுமாறியது. உள்ளே இருந்தவை விலகி இடம் விட்டன. வெயில் பலகை இடுக்கில் விழுந்து எல்லாவற்றின் முதுகிலும் கோடு கோடாக அசைந்தது. என் உதடு அசையப் பார்த்தது.

"அந்தப் பக்கம்," என்றாள்.

செம்பனையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஈர மூக்கு ஒன்று என் முழங்கையை மோந்துவிட்டுப் போனது. எத்தனை என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். திருப்பிக் கொடுத்தது இருநூறு ரிங்கிட். செகாமட்டுக்கு இரண்டு முறை போய்வந்த பஸ் பதினெட்டு நாற்பது. ஜொகூர் பாருவுக்கு ரயில் முப்பத்து நான்கு. அங்கே டாக்சி பத்தொன்பது. சாப்பாடும் தேநீரும் பதினொன்று ஐம்பது. கடிதத்துக்கும் படத்துக்கும் நகல் நான்கு அறுபது. தேங்காயும் சூடமும் எட்டு ஐம்பது. திரும்பி வரும்போது ரயிலில் மறந்துவிட்ட புதுக்குடை பதினாறு தொண்ணூறு. சேலையைச் சேர்க்கவில்லை, அது பழையது. ஆக மொத்தம், முந்நூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட் தொண்ணூறு சென்.